வலி கண்டது எப்போது?

பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டிய நேரம் எது? எல்லா வீட்டிலும் ஏதோ ஒரு ராத்திரி இந்தக் கேள்வி எழுந்திருக்கும். நம் தலைமுறை வீடுகளில் அதற்கு ஒரு முறை இருந்தது. இடுப்பு வலிக்கிறது என்று பெண் சொன்னதும் பாட்டி அடுப்பைப் பற்றவைத்து சீரகக் கஷாயம் போடுவாள். குடித்ததும் வலி அடங்கினால் சூட்டு வலி. விட்டு விட்டு வந்து, ஒவ்வொரு தடவையும் கூடிக்கொண்டே போனால் பிள்ளை வலி. தலைச்சன் பிள்ளை என்றால் "இன்னும் நேரம் இருக்கு" என்பார்கள். மூன்றாவது, நான்காவது என்றால் அவசரப்படுவார்கள். பனிக்குடம் உடைந்துவிட்டால் யோசனைக்கே இடமில்லை. இவ்வளவையும் சரியாகக் கணித்துவிட்டு, ராகுகாலம் கழியட்டும் என்று ஒன்றரை மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்த வீடுகளும் உண்டு.

அலுவலகத்தில் பதிவேடுகளோடு காலம் தள்ளியவன் நான். நம் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பிறப்புப் பதிவு எப்படி இருக்கும் என்று பழைய நண்பர்களுக்குத் தெரியும். நாள், மணி, இடம் மூன்றையும் சட்டம் கேட்டது. அதிகாலை இரண்டு மணி, இன்ன தெருவில் இன்ன வீடு என்று எழுத்தாலேயே எழுதியிருக்கும். பிறகு வந்த இந்திய அரசின் படிவத்தில் பிரசவம் பார்த்தது டாக்டரா, நர்ஸா, நாட்டு மருத்துவச்சியா, சொந்தக்காரர்களா என்று ஒரு கேள்வி உண்டு. கர்ப்பம் எத்தனை வாரம் என்றும் உண்டு. ஆனால் வலி கண்டது எப்போது, கிளம்ப முடிவெடுத்தது எப்போது, முடிவெடுத்தது யார் என்று எந்தப் பதிவேட்டிலும் ஒரு பத்தி கிடையாது. தாய் பிழைப்பதும் பிள்ளை பிழைப்பதும் பெரும்பாலும் அந்த எழுதப்படாத மணி நேரங்களில்தான் தீர்மானமாகிறது. அந்த மணி நேரங்களின் சரித்திரத்தை எனக்குத் தெரிந்த மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்கிய நம் பாட்டிமார்களை அறியாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. நெடுங்காலம் ஆஸ்பத்திரியே ஆபத்தான இடமாகத்தான் இருந்தது.

ஐரோப்பாவை எடுத்துக்கொள்வோம். பிரெஞ்சில் மருத்துவச்சிக்கு சாஜ்ஃபாம் என்று பெயர். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'விவரமறிந்த பெண்' என்று பொருள். நம் ஊரில் பழைய ஆட்கள் இன்றும் அந்தச் சொல்லைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1759-ல் பதினைந்தாம் லூயி மன்னன், மதாம் து கூத்ரே என்ற மருத்துவச்சிக்கு நாடு முழுவதும் போய்ப் பாடம் நடத்த அனுமதி கொடுத்தான். துணியாலும் தோலாலும் தைத்த ஒரு பெண்ணுடல் பொம்மையை எடுத்துக்கொண்டு அந்த அம்மாள் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஊர் ஊராகச் சுற்றினார். பொம்மைக்குள்ளிருந்து துணிக் குழந்தையை எடுத்துக் காட்டி ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் பொம்மைகளில் ஒன்று இன்றும் ரூவான் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் காலத்தில் பிரசவம் வீட்டில்தான். ஆகவே பாடமும் வீட்டுப் பிரசவத்துக்குத்தான். ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் போக்கிடமில்லாத ஏழைகள்.

அப்படிப் போனவர்கள் கதி என்ன? 1856-ல் பாரிஸில் தார்னியே என்ற இளம் மருத்துவர் ஒரு கணக்குப் போட்டார். அங்கே பெரிய பிரசவ ஆஸ்பத்திரியில் இறந்த தாய்மாரையும், அதே வட்டாரத்தில் வீட்டில் பிள்ளை பெற்று இறந்தவர்களையும் ஒப்பிட்டார். வீட்டில் 322 பேருக்கு ஒருவர் இறந்தார். ஆஸ்பத்திரியில் 19 பேருக்கு ஒருவர். அதாவது ஆஸ்பத்திரிக்குப் போனால் சாவு பதினேழு மடங்கு.

வியன்னாவில் இன்னும் வினோதம். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவப் பிரிவுகள். ஒன்றில் மருத்துவ மாணவர்கள், மற்றொன்றில் மருத்துவச்சி மாணவிகள். இரண்டும் நாள் மாற்றி நாள் ஆள் சேர்க்கும். 1846-ல் மாணவர்கள் பிரிவில் நூற்றுக்கு 11 தாய்மார்களுக்கு மேல் இறந்தார்கள். மருத்துவச்சிகள் பிரிவில் 3 பேருக்கும் குறைவு. ஊர்ப் பெண்களுக்கு இது தெரியும். எந்த நாள் எந்தப் பிரிவு என்று விசாரித்து வைத்துக்கொண்டு, முதல் பிரிவில் போட்டுவிட்டால் மண்டியிட்டு அழுதார்கள். தெருவிலேயே பெற்றுக்கொண்டு குழந்தையோடு உள்ளே வந்தவர்களும் இருந்தார்கள். எப்போது போவது என்ற கேள்வி அவர்களுக்கு மணிக்கணக்கு அல்ல, கிழமைக் கணக்கு. அவர்கள் கணக்குத்தான் சரியாகவும் இருந்தது. பிணப் பரிசோதனை செய்த கையோடு மாணவர்கள் பிரசவ அறைக்கு வருவதுதான் காரணம் என்று செம்மெல்வைஸ் கண்டுபிடித்து, 1847-ல் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வைத்தார். சாவு சட்டென்று இறங்கியது. ஆனாலும் பெரிய டாக்டர்கள் அவரை நம்பவில்லை.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு பாஸ்தேர் வீட்டு மனிதர் மாதிரி. வெறிநாய்க் கதையை வாத்தியார் சொல்லாத வகுப்பு இருக்காது. 1879-ல் பாரிஸ் மருத்துவ அக்காதெமியில் பிரசவ ஜுரத்தைப் பற்றி ஒருவர் வேறு காரணம் பேசிக்கொண்டிருந்தபோது பாஸ்தேர் குறுக்கிட்டு, கரும்பலகையில் மணிகள் கோத்த மாலை போல ஒரு கிருமியை வரைந்து, இதுதான் காரணம் என்று காட்டினார். அது தெரிந்த பிறகும் அந்தக் கிருமியைக் கொல்லும் மருந்து வர 1930-கள் வரை ஆயிற்று. சல்ஃபா மருந்து வந்த பிறகுதான் பிரசவ ஜுரம் கண்ட தாய் பிழைப்பாள் என்று ஓரளவு உறுதியாகச் சொல்ல முடிந்தது. ஆக, 'சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போ' என்ற புத்திமதிக்கே வயது நூறு ஆகவில்லை.

இனி நம் பக்கம் வருவோம். இங்கே இருந்த தடை வேறு மாதிரி. நமக்குப் பக்கத்திலிருக்கும் திண்டிவனத்தில் 1890-களில் நடந்தது பலருக்குத் தெரிந்திருக்கும். மிஷனரி டாக்டர் ஜான் ஸ்கடரின் மகள் ஐடா, உடம்பு சரியில்லாத தாயாரைக் கவனிக்க அமெரிக்காவிலிருந்து வந்திருந்தார். மருத்துவம் படிக்கும் எண்ணமே அவருக்கு இல்லை. ஓர் இரவில் ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள். இருவர் இந்துக்கள், ஒருவர் முஸ்லிம். மூவருக்கும் வீட்டில் மனைவி பிரசவத்தில் தவிக்கிறாள். என் அப்பா டாக்டர், அவரை அழைத்துப் போங்கள் என்று ஐடா சொன்னார். அந்நிய ஆண் எங்கள் பெண்ணைப் பார்ப்பதா என்று மூவரும் மறுத்துத் திரும்பிப் போனார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள்.

இதில் நான் கவனிப்பது ஒன்று. அந்த மூன்று ஆண்களும் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. ராத்திரியில் உதவி தேடி ஓடி வந்தவர்கள். ஆபத்து என்று அவர்களுக்குத் தெரிந்துதான் இருந்தது. டாக்டரும் கூப்பிடு தூரத்தில் இருந்தார். இருந்தும் முடிவு நடக்கவில்லை. அந்தப் பெண்களை ஒருவரும் கேட்டதாகக் கதையில் இல்லை. ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்து 1899-ல் தேறி, மறு ஆண்டு வேலூருக்கு வந்தார். 1902-ல் பெண்களுக்கு ஆஸ்பத்திரி திறந்தார். 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. இன்றைய சி.எம்.சி. அப்படி வளர்ந்ததுதான். சென்னையில் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி 1885-லேயே தொடங்கியதும் இதே காரணத்துக்காகத்தான். பெண் டாக்டர் இருந்தால்தான் வாசற்படி தாண்டுவார்கள்.

ஆஸ்பத்திரி சுத்தமாயிற்று, மருந்து வந்தது, பெண் டாக்டரும் வந்தார். மிச்சமிருந்தது நேரம். எத்தனை மணி நேரம் வலித்தால் அது இயல்பு, எப்போது அது ஆபத்து? இதற்கு 1950-கள் வரை கைராசியும் அனுபவமும்தான் பதில்.

நம் ஊரில் கொடி மாறிய அதே 1954-ல் அமெரிக்காவில் ஃப்ரீட்மன் என்ற மருத்துவர் ஒரு வரைபடம் வெளியிட்டார். கருப்பை வாய் முழுக்கத் திறக்கப் பத்து சென்டிமீட்டர் வேண்டும். மணிக்கு மணி எவ்வளவு திறக்கிறது என்று பல பெண்களிடம் அளந்து கோடு போட்டார். முதலில் வெகு நேரம் மெதுவாகவும், பிறகு வேகமாகவும் போகிறது என்று கோடு காட்டியது. "தலைச்சன் பிள்ளை, இன்னும் நேரம் இருக்கு" என்று பாட்டி சொன்னது அந்த மெதுவான பகுதியைத்தான்.

ஆனால் அந்தக் கோட்டை ஏழைகளுக்குப் பயன்படும்படி திருப்பியது ஆப்பிரிக்காவில். அன்றைய ரொடீசியா, இன்றைய ஜிம்பாப்வே. ஊருக்கு வெளியே சின்னச் சின்னப் பிரசவ விடுதிகள். அங்கே மருத்துவச்சிகள் மட்டும்தான், டாக்டர் கிடையாது. ஆபரேஷன் செய்யப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்ப வேண்டும். எல்லாரையும் அனுப்பினால் ஆஸ்பத்திரி தாங்காது. காத்திருந்து அனுப்பினால் தாய் தாங்கமாட்டாள். எவளை, எந்த நேரத்தில் அனுப்புவது? ஃபில்பாட், காசில் என்ற இரு மருத்துவர்கள் முதல் பிரசவத்துக்கு வந்த 624 பெண்களைப் பார்த்து, 1972-ல் விடை சொன்னார்கள். ஒரு தாளில் இரண்டு சாய்வுக் கோடுகள். முதல் கோடு எச்சரிக்கைக் கோடு. மணிக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் ஏறும். வலி கண்ட பெண்ணின் கணக்கு அந்தக் கோட்டுக்கு வலது பக்கம் சாய்ந்தால், உடனே வண்டியைக் கூப்பிடு. இரண்டாவது கோடு நான்கு மணி நேரம் தள்ளி. அதைத் தொடுவதற்குள் அவள் டாக்டர் கையில் இருக்க வேண்டும். இடையில் இருக்கும் அந்த நான்கு மணி நேரம் எதற்கு? வண்டி கிடைக்க, பாதை கடக்க, ஆஸ்பத்திரியில் சேர. பயண நேரத்தையும் சேர்த்துப் போட்ட கணக்கு அது.

குமாஸ்தா புத்திக்கு இது ஆச்சரியமாகப் படுகிறது. ஒரே ஒரு தாள். விலை ஒன்றுமில்லை. அதுவரை மருத்துவச்சி "எனக்கென்னவோ சரியாப் படலை" என்றால் வீட்டு ஆண்களும் பெரிய டாக்டரும் கேட்க வேண்டிய அவசியமில்லை. இப்போது அவள் தாளை நீட்டி, கோடு தாண்டிவிட்டது என்று சொல்லலாம். அவள் வார்த்தைக்கு ஒரு சாட்சி கிடைத்தது.

உலக சுகாதார நிறுவனம் இதை ஏற்று, இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்து நாடுகளில் 35,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் பரிசோதித்து 1994-ல் முடிவை வெளியிட்டது. பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் நீண்ட பிரசவங்கள் நூற்றுக்கு 6.4-லிருந்து 3.4-ஆகக் குறைந்தன. செத்துப் பிறந்த குழந்தைகளும் குறைந்தன.

அதே 1994-ல் இன்னொரு கட்டுரை வந்தது. சரீன் தடேயஸ், டெபோரா மெயின் என்ற இரு பெண் ஆய்வாளர்கள் எழுதியது. பிரசவத்தில் தாய் ஏன் சாகிறாள் என்பதற்கு மூன்று தாமதங்களைச் சொன்னார்கள். வீட்டில் முடிவெடுப்பதில் தாமதம். வழியில் தாமதம். ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்த பிறகு கவனிப்பதில் தாமதம். இரண்டாவதுக்குச் சாலை போடலாம். மூன்றாவதுக்கு டாக்டரைப் போடலாம். முதலாவதுக்கு என்ன போடுவது?

அந்த முதல் தாமதம் எங்கள் குடும்பத்திலும் நடந்தது. என் பெரியம்மாவை பாகூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் கொடுத்திருந்தார்கள். பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோனில் இருந்தார். இப்படிப் பட்டாளத்துக்குப் போனவர்கள் குடும்பம் நம் ஊரில் எத்தனையோ. நான் பிறப்பதற்கு முந்தைய வருஷம் பெரியம்மாவுக்குத் தலைச்சன் பிரசவம். இரண்டு பகல் ஓர் இரவு வலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விடலாம் என்று மருத்துவச்சி முதல் நாள் சாயங்காலமே சொல்லிவிட்டாளாம். புருஷன் ஊரில் இல்லை. மாமனார் நிலத் தகராறு ஒன்றுக்கு வெளியூர் போயிருந்தார். அவர் வராமல் மருமகளை வண்டியேற்ற மாமியாருக்குத் தைரியம் வரவில்லை. அவர் மறுநாள் மத்தியானம் வந்தார். வந்த உடனே வண்டி கட்டச் சொன்னார். புதுச்சேரிக்குக் கட்டை வண்டியில் ஐந்து மணி நேரம். அரியாங்குப்பம் தாண்டுவதற்குள் பெரியம்மா போய்விட்டாள். குழந்தையும் இல்லை. அம்மா இதை எங்களிடம் சொல்லும்போது மாமியாரைத் திட்ட மாட்டாள். "அவளுக்கும் பயம்தானே" என்பாள். மருத்துவச்சியின் பேச்சைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வாள். இறப்புப் பதிவை நான் வேலையில் சேர்ந்த பிறகு பார்த்தேன். மாலை ஆறு மணி என்று இருந்தது. முதல் நாள் சாயங்காலம் மருத்துவச்சி சொன்னதற்கும் அந்த ஆறு மணிக்கும் இடையில் ஒரு முழு நாள்.

வழியும் வாகனமும் பின்னால் வந்தன. குதிரை வண்டி, புஷ்புஷ், ஆட்டோ, 2005-ல் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தால் உதவிப்பணம் தரும் மத்திய அரசின் ஜனனி திட்டம், 2008-ல் தமிழ்நாட்டில் 108 வண்டி. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பார்த்தால் தெரியும். 1992-93-ல் நாட்டில் நூறு பிரசவத்தில் 26 ஆஸ்பத்திரியில் நடந்தது. 2005-06-ல் 39. 2019-21-ல் 89. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் இன்று வீட்டில் பிள்ளை பிறந்தது என்றால் செய்தியாகிவிடும். பெரியம்மா மாதிரிப் பெண்களுக்காக இந்த எண்களைப் பார்த்து நான் சந்தோஷப்படுகிறேன்.

இன்றைக்குச் சிக்கல் வேறு பக்கம். பயத்தில் வெகு முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். ஃப்ரீட்மன் கோட்டின் அந்த மெதுவான பகுதியில், வீட்டில் நடந்துகொண்டும் சாப்பிட்டுக்கொண்டும் இருக்க வேண்டிய நேரத்தில், கட்டிலில் படுக்க வைக்கிறார்கள். 'இன்னும் முன்னேற்றம் இல்லையே' என்று மருந்தேற்றுவதும் கத்தி வைப்பதும் அப்படிச் சேர்ந்தவர்களிடம் அதிகம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. 2018-ல் உலக சுகாதார நிறுவனமே தன் பழைய கோட்டைத் தளர்த்தியது. மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்பது எல்லாப் பெண்களுக்கும் பொருந்தாது, ஐந்து சென்டிமீட்டர் திறந்த பிறகுதான் உண்மையான வேகம் தொடங்குகிறது, அதற்கு முந்தைய வலி எவ்வளவு நேரம் என்பது ஆளுக்கு ஆள் மாறும் என்றது. பாட்டியின் "இன்னும் நேரம் இருக்கு" மறுபடியும் கொஞ்சம் மரியாதை பெற்றது என்று சொல்லலாம்.

ஆனால் அதைப் பாதியாக மட்டும் பிடித்துக்கொள்ளக் கூடாது. ரத்தப் போக்கு, பனிக்குடம் உடைவது, அதிலும் நீர் பச்சையாக வருவது, தாங்க முடியாத தலைவலி, கண் மங்கல், வலிப்பு, குழந்தையின் அசைவு குறைவது, மாதம் நிறையும் முன்பே வலி காண்பது - இவற்றுக்கெல்லாம் கஷாயமும் இல்லை, ராகுகாலமும் இல்லை. உடனே கிளம்ப வேண்டியதுதான். ஏற்கெனவே ஆபரேஷன் ஆனவர்கள், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் வலி லேசாக இருக்கும்போதே டாக்டர் சொன்னபடி போய்விட வேண்டும்.

இந்த வலைப்பூவைப் படிப்பவர்களில் பாதிப் பேர் தாத்தா பாட்டிகள். பேத்தி தாய் வீட்டுக்கு வந்திருக்கும் வீடுகள் இருக்கும். அவர்களுக்கு ஒரு பழைய குமாஸ்தாவின் யோசனை. ஒன்பதாம் மாதத்திலேயே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே பேனாவோடு வைத்துவிடுங்கள். முதல் பக்கத்தில் ஆஸ்பத்திரி நம்பர், 108, வண்டி ஓட்டுகிறவர் நம்பர். அடுத்த பக்கத்தில் மூன்று பத்தி: வலி வந்த நேரம், விட்ட நேரம், அவள் என்ன சொன்னாள். மூன்றாவது பத்தியை அவள் சொன்னபடியே எழுதுங்கள். "இது முன்ன மாதிரி இல்ல, எனக்குச் சரியாப் படல" என்று அவள் சொன்னால், வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் வர வேண்டும் என்று பார்க்காமல் வண்டியைக் கூப்பிடுங்கள். நோட்டையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். நர்ஸ் முதலில் கேட்கப் போவது, வலி கண்டது எப்போது என்றுதான்.